அதிபர் ஆணை போட்டால் மாநிலத்தின் ஏஐ சட்டம் செல்லாமல் போய்விடுமா?

கேள்வி கேட்டவர் அமெரிக்காவில் ஆள்தேர்வு மென்பொருள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். 2025 டிசம்பரில் டிரம்ப் போட்ட ஆணைக்குப் பிறகு, கொலராடோ, இல்லினாய், கலிபோர்னியா ஏஐ சட்டங்களைப் பற்றி இனிக் கவலைப்பட வேண்டாம் என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். அது சரியா, உண்மையில் இந்த அதிகாரம் மாநிலத்துக்கா வாஷிங்டனுக்கா என்று கேட்கிறார்.

சரியில்லை. உங்கள் மேலாளர் சொன்னதை நம்பி எதையும் நிறுத்திவிடாதீர்கள். அதிபரின் நிர்வாக ஆணை என்பது தனக்குக் கீழே வேலை செய்யும் துறைகளுக்கு அவர் இடும் கட்டளை, அவ்வளவுதான். ஒரு மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றி ஆளுநர் கையெழுத்திட்ட சட்டத்தை அதிபர் தன் பேனாவால் அடித்துவிட முடியாது. வாஷிங்டன் அதை அடிக்க வேறு வழிதான் வேண்டும்: காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) ஒரு சட்டம் இயற்ற வேண்டும், அல்லது காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தில் ஒன்றிய அரசு அமைப்பு ஒன்று விதி போட வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டம் செல்லாது என்று சொல்ல வேண்டும். நீங்கள் இருக்கும் இதே துறையில் தணிக்கை, சட்ட இணக்கம் என்று சில வருடங்களாக உழன்று கொண்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை. நம் ஊர் அரசியலமைப்பில் ஏழாவது அட்டவணை இருக்கிறது, மூன்று பட்டியல்கள், எந்தப் பட்டியலிலும் வராத புதிய விஷயம் எதுவானாலும் அது ஒன்றிய அரசுக்குப் போய்விடும். அமெரிக்காவில் இது தலைகீழ். 1791-இல் வந்த பத்தாவது திருத்தத்தின்படி, ஃபெடரல் (ஒன்றிய) அரசுக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களிடமோ மக்களிடமோதான் இருக்கிறது. அதனால் புதிதாக ஒரு தொழில்நுட்பம் வந்தால் மாநிலம் யாரிடமும் அனுமதி கேட்காமல் சட்டம் போடலாம். ஆனால் மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸிடம் இருக்கிறது, இணையத்தில் ஓடும் எதுவும் கிட்டத்தட்ட அதற்குள் வந்துவிடும், காங்கிரஸ் இயற்றும் சட்டத்தோடு மாநிலச் சட்டம் மோதினால் காங்கிரஸின் சட்டமே நிற்கும். ஆக காங்கிரஸ் நினைத்தால் நாளைக்கே மாநிலங்களின் ஏஐ சட்டங்களில் பெரும்பாலானவற்றை ஓரங்கட்டலாம். அந்த அதிகாரத்தில் சந்தேகமே இல்லை. காங்கிரஸ் இன்னும் அதைச் செய்யவில்லை என்பதுதான் விஷயம். (இன்னொன்று, அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர், நம் முதல்வர் மாதிரி. இதைக் குழப்பிக்கொண்டு படித்தால் கீழே சொல்லும் சண்டை ஒன்றுமே புரியாது.)

காங்கிரஸ் சும்மா இருந்த இடத்தைத்தான் மாநிலங்கள் நிரப்பின. பைடன் 2023 அக்டோபர் 30 அன்று ஒரு பெரிய ஆணை போட்டார், டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று பதவியேற்ற நாளிலேயே அதை நீக்கினார். ஆணையை ஆணையால் அழிக்கலாம், சட்டத்தை அப்படி அழிக்க முடியாது என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். சம்மதமில்லாமல் பரப்பப்படும் அந்தரங்கப் படங்களை, போலியாக உருவாக்கியவை உட்பட, 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று 2025 மே மாதம் வந்த டேக் இட் டவுன் சட்டத்தைத் தவிர, பொதுமக்களை நேரடியாகப் பாதுகாக்கும் ஏஐ சட்டம் என்று காங்கிரஸ் செய்ததாகச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாநிலங்களோ ஆளுக்கொரு பக்கம் ஓடின. ஒருவரின் குரலை ஏஐ திருடிப் பாடுவதைத் தடுக்க டென்னசி 2024 மார்ச்சில் எல்விஸ் சட்டம் கொண்டுவந்தது. வேலை, வீட்டு வாடகை, கடன், காப்பீடு, மருத்துவம் மாதிரி வாழ்க்கையைப் புரட்டிப்போடும் முடிவுகளில் ஏஐ பாகுபாடு காட்டக் கூடாது என்று கொலராடோ 2024 மே மாதம் சட்டம் இயற்றியது. இல்லினாய் மனநல சிகிச்சையை ஏஐ தானாக அளிப்பதைத் தடை செய்தது. டெக்சாஸ் 2025-இல் தனக்கென்று ஒன்று போட்டது. கலிபோர்னியாவில் ஆளுநர் நியூசம் 2024-இல் பெரிய ஏஐ மாடல்களைக் கட்டுப்படுத்தும் ஒரு கடுமையான மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, சரியாக ஒரு வருடம் கழித்து அதன் மிதமான வடிவமான எஸ்பி 53-இல் கையெழுத்திட்டார்.

இந்தப் பட்டியலில் டென்னசியும் டெக்சாஸும் குடியரசுக் கட்சியின் கோட்டைகள். ஊரில் இருந்து பார்க்கும்போது இதை மாநிலக் கட்சி எதிர் மத்தியக் கட்சி என்று நம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கத் தோன்றும், அப்படிப் பார்த்தால் 2025 கோடையில் நடந்தது புரியாது.

அது என்னவென்றால், டிரம்பின் பெரிய வரி-செலவு மசோதாவுக்குள், மாநிலங்கள் பத்து வருடத்துக்கு ஏஐ சட்டங்களை அமல்படுத்தக் கூடாது என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். 2025 மே 22 அன்று பிரதிநிதிகள் சபையில் அந்த மசோதா 215-க்கு 214 என்று ஒரே ஓட்டில் பிழைத்தது. செனட்டில் டெட் குரூஸ் அதைக் கொஞ்சம் மாற்றி, கிராமப்புற இணைய வசதிக்கான ஃபெடரல் பணத்தோடு முடிச்சுப் போட்டார்: பணம் வேண்டுமென்றால் சட்டத்தை நிறுத்து. இரண்டு கட்சியையும் சேர்ந்த 40 மாநில அட்டர்னி ஜெனரல்கள் (மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரிகள்) மே மாதமே எதிர்த்திருந்தார்கள், இப்போது அர்கன்சாஸ் ஆளுநர் சாரா ஹக்கபி சாண்டர்ஸ் தலைமையில் 17 குடியரசுக் கட்சி ஆளுநர்கள் தங்கள் சொந்தக் கட்சித் தலைமைக்கே கடிதம் எழுதினார்கள். டென்னசி செனட்டர் மார்ஷா பிளாக்பர்ன் முதலில் குரூஸோடு பேசி, பத்து வருடத்தை ஐந்தாகக் குறைத்து, குழந்தைகள் பாதுகாப்புக்கும் கலைஞர்களின் குரல், உருவத்துக்கும் விலக்கு வைத்து ஒரு சமரசத்துக்கு வந்தார். ஆனால் அந்த விலக்குகளுக்கே ஒரு வால் இருந்தது, ஏஐ மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றினால் அந்தச் சட்டமும் செல்லாது என்று. தன் மாநிலத்தின் நாஷ்வில் நகரப் பாடகர்களுக்காகப் போட்ட எல்விஸ் சட்டமே அந்த வாலில் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் வந்ததும் அவர் பின்வாங்கினார், ஜூலை 1 அன்று விடிய விடிய நடந்த வாக்கெடுப்பில் 99-க்கு 1 என்று அந்தப் பிரிவையே தூக்கி எறிந்தார்கள். செனட்டில் இப்போதெல்லாம் 99 பேர் எதிலாவது ஒத்துப்போவதைப் பார்க்க முடியுமா? எனக்கு அந்த எண் இன்னும் முக்கியமாகவே படுகிறது, ஏனென்றால் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை ஒன்று இந்தக் கேள்விக்கு நேராகச் சொன்ன பதில் அது. அதே வருடக் கடைசியில் ராணுவச் செலவு மசோதாவுக்குள் நுழைக்க இன்னொரு முயற்சி நடந்தது, அதுவும் நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் டிசம்பர் 11 ஆணை வருகிறது. காங்கிரஸில் கிடைக்காததை ஆணை வழியாகத் தேடியதாகவே நான் இதைப் பார்க்கிறேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் உங்கள் மேலாளரின் தவறு தெரியும். மாநிலச் சட்டங்கள் மீது வழக்குப் போட நீதித்துறையில் ஒரு தனிப் படை அமைக்கச் சொல்கிறது. 90 நாளுக்குள், எந்த மாநிலச் சட்டங்கள் அதிகச் சுமையானவை என்று வணிகத்துறை பட்டியலிட வேண்டும். அப்படிப்பட்ட மாநிலங்களுக்கு, 42.45 பில்லியன் டாலர் இணைய விரிவாக்கத் திட்டத்தில் கேபிள் போட்டது போக மிஞ்சும் பணத்தைத் தரக் கூடாது. தகவல்தொடர்பு ஆணையமும் வர்த்தக ஆணையமும் தங்கள் பங்குக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். காங்கிரஸுக்கு ஒரு சட்ட வரைவைப் பரிந்துரைக்க வேண்டும், அதில் குழந்தைகள் பாதுகாப்பு, டேட்டா சென்டர் கட்டுவது, மாநில அரசுகள் தாங்களே ஏஐ வாங்கிப் பயன்படுத்துவது ஆகியவற்றை மாநிலங்களுக்கே விட்டுவிட வேண்டும். கொலராடோ சட்டத்தை மட்டும் பெயர் சொல்லியே திட்டியிருக்கிறார்கள். இவ்வளவையும் படித்தாலும் "இன்ன மாநிலச் சட்டம் இன்று முதல் செல்லாது" என்று ஒரு வரி கிடையாது. இருக்கவும் முடியாது.

சரி, வழக்குப் போட்டால் ஜெயிப்பார்களா? மோதுவதற்கு ஃபெடரல் சட்டமே இல்லாதபோது, மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே வாதம்: ஒரு மாநிலம் தன் எல்லைக்கு வெளியே நடக்கும் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பது. 2023-இல் இதே வாதம் உச்ச நீதிமன்றத்துக்குப் பன்றிக் கொட்டில் வழக்காக வந்தது. நெருக்கடியான கொட்டிலில் அடைத்து வளர்த்த பன்றியின் இறைச்சியை எங்கள் மாநிலத்தில் விற்கக் கூடாது என்று கலிபோர்னியா மக்கள் 2018-இல் ஓட்டுப் போட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே விற்கும் பன்றி இறைச்சியில் பெரும்பகுதி அயோவா மாதிரி வெளிமாநிலங்களிலிருந்து வருகிறது, அதனால் அயோவா பண்ணைக்காரர் கொட்டிலை இடித்துக் கட்ட வேண்டிய நிலை. அப்படியிருந்தும் நீதிமன்றம் கலிபோர்னியா சட்டத்தைக் கைவைக்காமல் விட்டது. சொந்த மாநிலத்தாருக்குச் சலுகை, வெளியாருக்குத் தண்டனை என்று பாரபட்சம் காட்டாதவரை, வெளியே விளைவு இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சட்டம் விழாது. பன்றிக்குப் பொருந்தியது சாட்பாட்டுக்கும் பெருமளவு பொருந்தும் என்றே நினைக்கிறேன். பேச்சுச் சுதந்திரத்தின் பெயரில் போடும் வழக்குகள் வேறு, அவற்றில் மாநிலங்கள் தோற்கவும் செய்கின்றன. தேர்தல் நேரப் போலி வீடியோக்களுக்கு எதிராகக் கலிபோர்னியா போட்ட இரண்டு சட்டங்களில் ஒன்றை 2025 ஆகஸ்டில் ஒரு ஃபெடரல் நீதிபதி அந்தக் காரணத்துக்காகவே செல்லாது என்றார். மோசமாக எழுதிய மாநிலச் சட்டத்தைத் திருத்த நீதிமன்றம் என்ற வழி ஏற்கனவே இருக்கிறது, அது வேலையும் செய்கிறது.

இப்போது எதிர்த்தரப்பு. ஐம்பது மாநிலம், ஐம்பது சட்டம், சின்னக் கம்பெனி எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அந்த வலியை அனுபவித்திருக்கிறேன். நியூயார்க் நகரத்தின் உள்ளூர்ச் சட்டம் 144, கவனியுங்கள், மாநிலம்கூட இல்லை, நகரம், 2023 ஜூலை 5 முதல் அமலுக்கு வந்தது. ஆளெடுக்க தானியங்கிக் கருவி பயன்படுத்தினால் வருடத்துக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் பாகுபாடு தணிக்கை செய்ய வேண்டும், முடிவின் சுருக்கத்தை இணையத்தில் போட வேண்டும், விண்ணப்பிப்பவருக்குப் பத்து வேலைநாள் முன்பே சொல்ல வேண்டும். முதல் தடவை நாங்கள் அந்தத் தணிக்கைக்குத் தரவு திரட்டியபோது பாதி விண்ணப்பதாரர்கள் இனம், பாலினம் பற்றிய கட்டத்தை நிரப்பவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது, ஒரு காலாண்டே அதில் போனது. ஆனால் எனக்கு மறக்காத இன்னொன்று: ஒவ்வொரு பிரிவினரும் எந்த விகிதத்தில் அடுத்த கட்டத்துக்குப் போகிறார்கள் என்று அந்த எண்களை அதற்கு முன் எங்களில் யாருமே கணக்கிட்டுப் பார்த்ததில்லை. சட்டம் தேர்ச்சி மதிப்பெண் எதையும் வைக்கவில்லை, பார்த்து வெளியிடு என்றது, அவ்வளவே. பார்த்த பிறகு சும்மா இருக்க முடியாமல் இரண்டு அளவீடுகளை நாங்களே நீக்கினோம். அந்த நகரச் சட்டம் இல்லாவிட்டால் இன்றும் அவை ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் ஒரே நாடு தழுவிய சட்டம் வேண்டும் என்று யாராவது சொன்னால் நானும் கை தூக்குவேன். எந்தச் சட்டம் என்று மட்டும் காட்டுங்கள். மாநிலச் சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றுமே வைக்காமல் போவதுதான் 2025 மே மாத முயற்சி, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கு முன் ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது. ஏழைகளையும் முதியவர்களையும் ஏமாற்றித் தலையில் கட்டும் வீட்டுக்கடன்களைத் தடுக்க வட கரோலினா 1999-இலும் ஜார்ஜியா 2002-இலும் சட்டம் போட்டன. தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் ஃபெடரல் அலுவலகம் 2004-இல் ஒரு விதி கொண்டுவந்து, அந்த வங்கிகளுக்கு இந்த மாதிரி மாநிலச் சட்டங்கள் பொருந்தாது என்றது. காரணமும் இதேதான்: மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் சட்டங்களால் வங்கிகள் நாடு முழுக்க ஒரேமாதிரி தொழில் செய்ய முடியவில்லை. மாநில அட்டர்னி ஜெனரல்கள் கட்சி பார்க்காமல் எதிர்த்தும் பயனில்லை. 2008-இல் வீட்டுக்கடன்கள் மூழ்கி நிதி நெருக்கடி வந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த வீழ்ச்சிக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், வங்கியே அல்லாத கடன் நிறுவனங்கள் செய்த அநியாயம் தனிக் கதை. ஆனால் தீப்பிடிக்கிறது என்று முதலில் கத்தியவர்கள் மாநிலங்களில் இருந்தவர்கள், அவர்கள் கையைத்தான் கட்டினார்கள், 2010-இல் டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் காங்கிரஸே அந்தக் கட்டைத் தளர்த்தியது.

சின்ன உதாரணம் வேண்டுமென்றால் உங்கள் மெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள். பெறுபவர் முன்னதாகச் சம்மதித்தால்தான் விளம்பர மெயில் அனுப்பலாம் என்று கலிபோர்னியா 2003-இல் சட்டம் இயற்றியது. அது அமலுக்கு வருவதற்குள் காங்கிரஸ் முந்திக்கொண்டு, யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் போட்டு அதை அடித்துப்போட்டது. அதே 2003-இல், வாடிக்கையாளர் தரவு திருடு போனால் அவருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கலிபோர்னியாவின் இன்னொரு சட்டம் அமலுக்கு வந்தது, அதை யாரும் தடுக்கவில்லை. ஒவ்வொரு மாநிலமாகப் பார்த்துப் படித்து 2018-க்குள் ஐம்பதும் அதைச் செய்துவிட்டன. எத்தனை நிறுவனங்கள் இந்த ஐம்பது சட்டத்தால் மூடிப்போயின? எனக்குத் தெரிந்து எங்கள் துறையில் ஒன்றுகூட இல்லை, வக்கீல்கள் ஒரு அட்டவணை தயாரித்து வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

எல்லாவற்றையும் மாநிலமே பார்க்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. சிப் ஏற்றுமதி, பெரிய மாடல்கள் உயிரியல் ஆயுதம் செய்ய உதவுமா என்று சோதிப்பது, இதெல்லாம் வாஷிங்டன் வேலை, கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவிடம் அதற்கான ரகசியத் தகவலும் கிடையாது, ஆளும் கிடையாது. ஆனால் காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது 1945-லிருந்து சட்டப்படியே மாநிலங்களிடம் இருக்கிறது. மருத்துவருக்கு உரிமம் கொடுப்பது மாநிலம், பள்ளிக்கூடம் மாநிலம், சாலையில் யார் வண்டி ஓட்டலாம் என்பது மாநிலம். 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் குரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சி ஒரு பெண்ணை அடியில் சிக்கவைத்து இழுத்துச் சென்றபோது, சுமார் மூன்று வாரத்தில் அதன் அனுமதியை நிறுத்திவைத்தது கலிபோர்னியாவின் வாகனத் துறை. அப்படி உடனே வண்டியை நிறுத்தக்கூடிய ஒரு கை பக்கத்தில் இருக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி மாதிரிச் செய்யலாமே: ஃபெடரல் அளவு 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர், அதற்குக் கீழே யாரும் போகக் கூடாது, மேலே போக மாநிலங்களுக்குத் தடையில்லை, கலிபோர்னியா 2025-இல் 16.50 கொடுத்தது. ஏஐ-க்கும் அப்படி ஒரு அடிப்படை அளவைக் காங்கிரஸ் போட்டால் சண்டையில் பாதி அடங்கிவிடும்.

சின்னக் கம்பெனிகளைக் காப்பாற்றுவது மாநிலத்தாலும் முடியும். கலிபோர்னியாவின் எஸ்பி 53, 10-இன் 26-ஆவது அடுக்கு அளவு கணக்கீடு தேவைப்படும் மாடல்களைப் பற்றியது, அதில் கனமான கடமைகள் வருடத்துக்கு 500 மில்லியன் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். உங்கள் நிறுவனம் அந்தப் பக்கமே வராது, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியவை வேறு. இல்லினாயின் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது: ஆளெடுப்பதில் ஏஐ பயன்படுத்தினால் சொல்ல வேண்டும், பாகுபாட்டில் போய் முடியக் கூடாது, முக்கியமாக அஞ்சல் குறியீட்டை இனத்துக்குப் பதிலியாகப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் மாடலில் முகவரி, பயணத் தொலைவு ஏதாவது உள்ளீடாக இருந்தால் இன்றே அதைத் திறந்து பாருங்கள். நியூயார்க் நகரத் தணிக்கை பழையபடியே தொடரும். கொலராடோ சட்டத்தின் தேதியை 2025 ஆகஸ்டில் சிறப்புக் கூட்டத்தொடர் கூட்டி 2026 ஜூன் 30-க்குத் தள்ளினார்கள், கையெழுத்திட்ட ஆளுநர் ஜாரெட் போலிஸுக்கே அதில் மனக்குறை இருந்தது, அதனால் அது மேலும் மாறியிருக்கலாம், இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாறாதவரை அது சட்டம். அங்கே மாநில அட்டர்னி ஜெனரல் மட்டுமே வழக்குப் போட முடியும், மீறலுக்கு 20,000 டாலர் வரை போகலாம், அப்போது அதிபரின் ஆணையை நீட்டினால் நீதிபதி அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அப்புறம் மேலாளரிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். ஐம்பது மாநிலச் சட்டத்தையும் நாளைக்கே காங்கிரஸ் நீக்கினால்கூட 1964-இன் சிவில் உரிமைச் சட்டமும் 1967-இன் வயதுப் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் ஃபெடரல் சட்டங்கள், அவை எங்கும் போகவில்லை. வொர்க்டே என்ற ஆள்தேர்வு மென்பொருள் நிறுவனத்தின் மீது கலிபோர்னியாவில் நடக்கும் வழக்கில், ஆளெடுக்கும் முதலாளி மட்டுமல்ல, அவருக்காக விண்ணப்பங்களை வடிகட்டும் மென்பொருள் நிறுவனமும் முகவர் என்ற முறையில் பதில் சொல்ல வேண்டியிருக்கலாம் என்று 2024 ஜூலையில் நீதிபதி வழக்கைத் தொடர அனுமதித்தார். மென்பொருள் நிறுவனம் என்றால் நீங்கள்தான். தணிக்கைக் கோப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள், மாடலின் ஒவ்வொரு பதிப்புக்கும் எந்தத் தரவில் பயிற்சி கொடுத்தீர்கள், என்ன எண்கள் வந்தன என்று தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள், இந்த வாரமே ஆரம்பியுங்கள்.